தணலும் கலமும்

நெருப்பை ஏந்துவதற்கென்றே செய்யப்பட்ட கலமொன்று நெருப்பினாற் கெட்டுப்போகும் என்று கூறின் அது முரணாகத் தோன்றும். அடுப்பும் வெப்பத்திலிருந்து காக்கப்படவேண்டியதே என்று பொதுவாக எவரும் எண்ணுவதில்லை. மண்ணடுப்பைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பெரிதும் சரியானதே. வெடித்த இடத்தைக் களிமண்ணாற் பூசி, சாணத்தால் மெழுகிவிட்டால் மறுநாள் அது புதிய அடுப்பு. முற்றாக உடைந்துபோனாலும் அதற்காகத் துயருறுவார் இலர். ஆனால் உருக்குத் தகட்டினாற் செய்து, அதன்மேற் கண்ணாடிப் பூச்சிட்டு, வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கலாம் என்ற நம்பிக்கையுடன் விலைகொடுத்து வாங்கும் அடுப்பின் நிலை வேறு. அமெரிக்கக் குடும்பங்களின் பின்வளவுகளிற் கோடைகாலந்தோறும் புகைந்துகொண்டிருக்கும் கரியடுப்பு அவ்வகையைச் சேர்ந்தது.

அவ்வடுப்பை அந்நாட்டவர் 'கேத்தில்' என்பர். தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்திலுக்கும் இதற்கும் யாதொரு உறவுமில்லை; இதற்கு மூக்குமில்லை, இதனுள் நீருமில்லை. பெரிய கிண்ணமொன்றின்மேல் இன்னொரு கிண்ணத்தைக் கவிழ்த்து, மூன்று கால்களில் நிறுத்தினாற்போன்ற உருண்டை வடிவம். அவ்வடிவம் வந்த வரலாறு சுவையானது. சிக்காகோவிலிருந்த வெபர் சகோதரர் உலோகத் தொழிற்சாலையில் ஏரியில் மிதக்கவிடும் மிதவைகள் செய்யப்பட்டன. அங்கு பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர், தமது வீட்டுத் திறந்த அடுப்பிற் காற்றும் சாம்பலும் செய்த தொல்லையாற் சலிப்புற்று, 1952 ஆம் ஆண்டில் மிதவையின் உலோகக் கோளத்தை அடிப்படையாகக் கொண்டு, ஒரு பாதியை அடுப்பாகவும் மறு பாதியை மூடியாகவும் அமைத்தார். மூடியதும் நெருப்பு அணைந்துபோகக் கண்டு, அயலவர் ஒருவர் மூடியிலும் துவாரமிடுமாறு கூறினார் என்றொரு கதையும் வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அந்த அடுப்பின் உயிர் அதன் துவாரங்களிலேயே உள்ளது. கீழ்த்துவாரத்தினூடாகப் புகும் வளி தணலைத் தொட்டு மேல்துவாரத்தினூடாக வெளியேறும். துவாரத்தைத் திறந்தால் நெருப்பு வளரும். ஒடுக்கினால் நெருப்பு ஒடுங்கும். விறகை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் செய்யும் வேலையை அங்கே ஒரு சிறு தகட்டுச் சில்லு செய்கின்றது. கரியிட்ட ஸ்திரிக்கைப்பெட்டியைப் பயன்படுத்தியவர்களுக்கு இவ்விரகு புதிதன்று. சிரட்டைக்கரி உள்ளே கனிந்துகொண்டிருக்க, பக்கத்துத் துவாரங்களின் வழியே வளி புகுந்து வெளியேறும் அதே முறைதான் இது.

சிக்காகோவின் வடமேற்குப் புறநகரொன்றில் ஒரு வீட்டின் பின்வளவில் இத்தகைய கறுப்புநிற அடுப்பொன்று நின்றது. அவ்வீடு ஒரு மகளினுடையது. அடுப்பு அவளுடைய தந்தையினுடையது. கடைசற் பட்டறையொன்றில் நெடுங்காலம் வேலைசெய்து ஓய்வுபெற்ற அம்முதியவர், மனைவி இறந்தபின் தமது வீட்டை விற்று மகளுடன் வாழவந்தபோது கொண்டுவந்த பொருள்கள் மிகச் சில. தளபாடங்களை விற்றார், பாத்திரங்களைக் கொடுத்துவிட்டார், 1974 ஆம் ஆண்டில் மனைவியுடன் சென்று வாங்கிய அடுப்பை மட்டும் வாகனத்தின் பின்பக்கத்திற் கயிற்றாற் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மகள் இது எதற்கென்று கேட்கவில்லை. மருமகன் கேட்க எண்ணி, கேளாது விட்டார்.

யூலை மாதத்து ஞாயிறு ஒன்றின் மாலையில், உணவு முடிந்து விருந்தினர் விடைபெறும் வேளையில், மேற்கு வானம் திடீரெனக் கறுத்தது. இடிமின்னலுடன் காற்றும் எழுந்தது. மூடி புல்லின்மேற் கிடக்க, அடுப்பினுள்ளே தணல் இன்னமும் செந்நிறமாகக் கனன்றுகொண்டிருந்தது. சிறுபிள்ளைகள் இருவர் வெறுங்காலுடன் ஓடித்திரிந்தனர். காற்று ஒரு பொறியைக் கிளப்பி மரத்தாலான படிக்கட்டின்மேல் இடுமாயின் என்ன ஆகும் என்ற அச்சம் மருமகனுக்கு நியாயமாகவே எழுந்தது. அவர் தோட்டக் குழாயடியிலிருந்த வாளியை நீருடன் தூக்கிவந்து தணலின்மேற் கவிழ்த்தார்.

சாம்பலும் நீராவியும் ஆளுயரத்துக்கு எழுந்தன. அதனூடே ஓர் ஒலி கேட்டது. பெரிய ஒலியன்று, மெல்லிய கண்ணாடிக் குவளையொன்று வெந்நீர் பட்டு விரிசல் காணும்போது எழும் ஒலி. படிக்கட்டில் அமர்ந்திருந்த முதியவர் அதைக் கேட்டார். ஒன்றும் கூறவில்லை. மழை தொடங்கியது, யாவரும் உள்ளே சென்றனர்.

மறுநாட் காலையில் அவர் சென்று பார்த்தபோது, கிண்ணத்தின் உட்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு சிதறிப்போயிருந்தது. கீழ்த்துவாரங்களின் வழியே ஓடிய சாம்பல்நீரோடு கறுப்புச் சில்லுகள் புல்லில் வந்து விழுந்திருந்தன. மீன் செதிளளவானவை அவை. முதியவர் முழந்தாளிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் இட்டார். யன்னலினூடாக அதைக் கண்ட மருமகன், கிழவர் நினைவுப்பொருள் சேர்க்கின்றார் என்று எண்ணி வருந்தினார். உண்மையில் அவர் பொறுக்கியது பிள்ளைகளின் வெறுங்கால்களை எண்ணியே. எனாமலின் சில்லு கண்ணாடிச் சில்லேயாகும்.

எனாமல் என்பது யாதென அறிந்தோர்க்கு அவ்வொலியின் காரணம் விளங்கும். எனாமல் கோப்பையிற் சோறு உண்டவர்கள், அக்கோப்பை கைதவறி விழுந்தால் வெள்ளைப் பூச்சுத் தெறித்துக் கரிய புள்ளியொன்று தோன்றுவதையும், சில நாள்களில் அப்புள்ளி துருவேறுவதையும் கண்டிருப்பர். அப்பூச்சு வர்ணமன்று. கண்ணாடித் தூளை உருக்குத் தகட்டின்மேற் படியவைத்து, ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வெப்பத்திற் சூளையிலிட்டு உருக்கி ஒட்டவைப்பதே எனாமல். தகட்டுடன் அது இறுகப் பற்றுவதற்காக அடிப்பூச்சிற் கோபாற்று, நிக்கல் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளும் சிறிதளவு சேர்க்கப்படும். சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது உருக்கு சற்று அதிகமாகச் சுருங்க, கண்ணாடி சற்றுக் குறைவாகச் சுருங்கும். அதனால் ஆறியபின் அந்தக் கண்ணாடிப் படலம் எப்பொழுதும் ஒருவகை நெருக்குதலிலேயே இருக்கும். இந்நெருக்குதலே அதன் பலம். நெருக்குதலைக் கண்ணாடி நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது.

இவ்வாறு 800 பாகையிற் பிறந்த பூச்சுக்கு இறைச்சி வாட்டும் வெப்பம் ஒரு பொருட்டாகுமோ என்று கேட்கலாம். மூடியின் கீழ் வழக்கமாக நிலவும் வெப்பம் 150 இலிருந்து 250 பாகை வரையே. தணலின் மேற்பரப்பு 700, 800 பாகைக்கு மேலும் செல்லும் என்பது உண்மை. எனினும் தணல் சுவரைத் தொடுவதில்லை. கிண்ணத்தின் அடியிலிருந்து சில அங்குல உயரத்தில் ஒரு கம்பித்தட்டு உண்டு. கரி அதன்மேலேயே கிடக்கும். கரிக்கும் சுவருக்கும் இடையில் இருப்பது வளி மட்டுமே. அந்த இடைவெளியே கலத்தின் கவசம். கரியை நேரே அடிக்கிண்ணத்திற் கொட்டி மூட்டுவோரும், சுவரோடு சாய்த்து மலைபோற் குவிப்போரும் அக்கவசத்தைத் தாமே களைந்துவிடுகின்றனர். அவ்விடத்திற் பூச்சின் ஒளி மங்கும். மீண்டும் மீண்டும் அவ்வாறு செய்தால் உருக்கும் செதிள்செதிளாக ஒட்சியேற்றமடையும். அழுக்கை எரித்து நீக்கலாம் என்ற எண்ணத்துடன் கரியை நிறைய இட்டு, துவாரங்கள் யாவற்றையும் திறந்து, மூடியையும் மூடிவைப்போரும் உளர். அழுக்குப் போவது மெய்; கம்பித்தட்டுகள் வளைந்துபோவதும் மெய்.

ஆயினும் வெப்பம் மெல்ல ஏறி மெல்ல இறங்குமாயின் இக்கலம் பொறுக்கும். அது பொறாதது திடீர் மாற்றத்தையே. சுடுகின்ற பூச்சின்மேற் குளிர்நீர் பட்டதும் அதன் மேற்படலம் உடனே சுருங்க முயல்கின்றது. அதனடியிலுள்ளதோ இன்னும் விரிந்தே இருக்கின்றது. அதுவரை நெருக்குதலில் இருந்த கண்ணாடி ஒரு கணத்தில் இழுவைக்கு ஆளாகி வெடிக்கின்றது. முதியவர் கேட்ட ஒலி அதுவே. நீரூற்றுவதால் வரும் கேடு கலத்தோடு நிற்பதுமில்லை. மேலெழும் நீராவி கையையும் முகத்தையும் வேகவைக்கும். உருகிய கொழுப்பு தீப்பற்றி எரியும் வேளையில் நீர் ஊற்றினால் அது நெருப்பை நாற்புறமும் வீசிவிடும்.

அன்று செய்திருக்கவேண்டியது வேறொன்று. வாளி தூக்குவதிலும் எளியது. மூடியை எடுத்து மூடி, மேலும் கீழுமுள்ள துவாரங்களை அடைத்துவிட்டிருந்தாற் போதும். ஒட்சிசன் கிடையாத தணல் தானே சோரும்; பொறி பறக்க வழியில்லை; கலமும் மெல்ல ஆறும்; எரியாது மிஞ்சிய கரி அடுத்த முறைக்கும் உதவும். மூடி மூடினால் நெருப்பு மறைகின்றதேயன்றி அணையவில்லை என்ற ஐயமே பலரையும் நீரை நாடச் செய்கின்றது. அந்த ஐயம் முற்றிலும் பிழையானதுமன்று. தணல் முற்றாக அணையப் பல மணிநேரம் செல்லும். அதுவரையிற் காபனோரொட்சைட்டு வாயு வெளிவந்துகொண்டிருக்கும். மழை வருகின்றதென்று அடுப்பை வீட்டினுள்ளோ வாகனக் கொட்டகையினுள்ளோ இழுத்துவைப்பது உயிருக்கு ஆபத்து. மணமும் நிறமும் அற்ற அவ்வாயு உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். மழையில் நின்றால் அடுப்புக்கு ஒன்றும் ஆகாது. மூடியிருக்கும்வரை அது வெளியில் நிற்கவே செய்யப்பட்டது.

மருமகன் இவற்றையெல்லாம் அடுத்த சில நாள்களில் அறிந்துகொண்டார். அறிந்தபின் அவருக்கு முதியவரின் முகத்தைப் பார்ப்பது கடினமாயிற்று. புதிய அடுப்பொன்று வாங்கித் தருவதாக மனைவி மூலம் சொல்லியனுப்பினார். முதியவர் வேண்டாம் என்றார், காரணம் கூறவில்லை. ஒரு கிழமை முழுவதும் அவ்வீட்டில் உணவுமேசையிற் பேச்சுக் குறைவாகவே இருந்தது. மகள் இருவருக்கும் இடையில் நின்று துன்புற்றாள். தாய் உயிரோடிருந்தால் இதை எவ்வாறு தீர்த்திருப்பாள் என்று அவள் எண்ணினாள்.

முதியவரின் மௌனத்தைக் கோபம் என்று அவ்விருவரும் கொண்டனர். அது கோபமன்று. அவர் எண்ணிக்கொண்டிருந்தது 1979 ஆம் ஆண்டின் பனிக்காலத்தை.

அவ்வாண்டு சனவரி நடுப்பகுதியிற் சிக்காகோவைப் பெரும் பனிப்புயலொன்று தாக்கியது. தெருக்கள் மூடுண்டன, வாகனங்கள் பனியினுட் புதைந்தன. அவருடைய அடுப்பும் பின்வளவிற் பனிமேடாகக் கிடந்தது. அதற்கு முந்திய இலையுதிர்காலத்தில் இறுதியாக இறைச்சி வாட்டியபின், குளிர் தொடங்கிவிட்டதனாற் சாம்பலை அள்ளாமலே அவர் மூடிவைத்திருந்தார். நாளைக்கு அள்ளலாம் என்று வைத்தது. பனி உருகி, ஏப்ரலில் மூடியைத் திறந்தபோது, சாம்பல் நீரில் ஊறிச் சீமெந்துபோல் இறுகியிருந்தது. கீழ்த்துவாரத்தின் சில்லு துருப்பிடித்து அசைய மறுத்தது. கரித்தட்டின் கம்பிகள் இரண்டு கைபட்டதும் ஒடிந்தன. கிண்ணத்தின் கீழே தொங்கும் அலுமினியச் சாம்பற்தட்டில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழுந்து, ஓரிரு இடங்கள் துளையாகவே போயிருந்தன.

சாம்பல் இறந்த பொருள் என்பது பொதுவான எண்ணம். அவ்வாறன்று. மரக்கரிச் சாம்பலிற் பொற்றாசியம் காபனேற்று முதலிய உப்புகள் உள. அவை வளியிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் பட்டதும் அது காரமாகும். சாம்பல்நீரில் ஆடை வெளுத்த காலத்தவர் இதை நன்கறிவர். அக்காரம் அலுமினியத்தை அரிக்கும். கம்பியும் ஆணியுமாகப் பூச்சற்று நிற்கும் உருக்கோ, உப்பும் ஈரமும் மாதக்கணக்கிற் சூழ்ந்திருந்தால் துருவேறும். நெருப்பு எரியும் வேளையிலுங்கூட அள்ளாத சாம்பல் தீங்கே செய்யும். கரித்தட்டின் கம்பிகளைக் காப்பது கீழிருந்து மேற்செல்லும் குளிர்ந்த வளியே. சாம்பல் உயர்ந்து கம்பியைத் தொட்டுவிட்டால் அவ்வளி தடைப்பட்டு, கம்பி தணலின் வெப்பம் முழுவதையும் தானே ஏற்று வளைந்துவிடும். நீராவிப் புகையிரதத்திற் சாம்பற்பெட்டி நிரம்பவிட்டால் அடுப்புச் சட்டங்கள் எரிந்துபோகும் என்பதைப் பழைய எஞ்சின் தொழிலாளர் பாடமாகவே கற்றிருந்தனர். பெரிய எஞ்சினுக்கும் சிறிய அடுப்புக்கும் விதி ஒன்றே.

1979 ஏப்ரலில் மனைவி வந்து கேட்டபோது, பனி செய்த வேலை என்று அவர் கூறினார். அவள் துளைபட்ட தட்டைக் கையிலெடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் கூறாமல் வைத்தாள். புதிய தட்டும் புதிய கம்பிகளும் வாங்கப்பட்டன. அதன்பின் ஒவ்வொரு திங்கட்காலையும், அவர் வேலைக்குச் சென்றபின், அடுப்பு முற்றாக ஆறியிருக்கின்றதா என்று புறங்கையால் தொட்டுப்பார்த்து, சாம்பலை மூடியுள்ள தகர வாளியொன்றில் அள்ளி, சுவரிலிருந்து தள்ளி வைத்து, இரண்டு நாள் கழித்தே அவள் குப்பையிற் போட்டாள். ஆறிவிட்டதாகத் தோன்றும் சாம்பலினுள் மறுநாளும் தணல் இருக்கும். அதைக் கடதாசிப் பையிலோ பிளாத்திக்குப் பையிலோ இட்டு வீட்டோரம் வைத்து வீட்டை எரித்தவர்கள் உண்டு. துவாரச் சில்லுக்கு ஆண்டுக்கொருமுறை எண்ணெய் பூசியவளும் அவளே. அவர் ஞாயிறுதோறும் கரி மூட்டி, இறைச்சி வாட்டி, அயலவரின் பாராட்டைப் பெற்றார். இத்தனை ஆண்டு பழைமையான அடுப்பு இன்றும் புதிதுபோல் இருக்கின்றதே என்று வியந்தோரிடம், அக்காலத்து உருக்கு அப்படி என்று விடைகூறிவந்தார். அவள் இறந்தபின் வந்த முதற் கோடையில், அடுப்பின் அடியிற் சாம்பல் நிறைந்து நெருப்பு மூச்சுத்திணறியபோதுதான், திங்கட்கிழமைகளில் நிகழ்ந்தது யாதென அவருக்கு முதன்முதலில் தெரியவந்தது.

இளைஞர் செய்த கேடு ஒரு கணத்தில் நிகழ்ந்து, ஒலியெழுப்பி, யாவரும் காண நடந்தது. தாம் செய்தது ஐந்து மாதம் பனியினடியில் ஒலியின்றி நடந்தது. அதற்குப் பழியைப் பனியின்மேற் சுமத்தியதும் தாமே. எந்த முகத்தோடு மருமகனைக் கடிவது என்பதே முதியவரின் இடர்ப்பாடு.

அடுத்த ஞாயிறன்று அவர் மருமகனை அழைத்து, புதிய அடுப்பு வேண்டாம், மூடியுள்ள தகர வாளியொன்று வாங்கித்தருமாறு கேட்டார். மருமகன் அக்கணமே கடைக்குச் சென்றார். ஒன்றுக்குப் பதில் இரண்டு வாளிகளோடு திரும்பினார். இருவரும் அடுப்பருகே குந்தியிருந்தனர். பூச்சு உதிர்ந்த இடம் அதற்குள்ளேயே செந்துருவாகியிருந்தது. சூளையின்றி எனாமலை மீண்டும் ஒட்டவைக்க வழியில்லை. முதியவர் துருவைத் தேய்த்து நீக்கி, சமையல் எண்ணெயை மெல்லிதாகப் பூசினார். நெருப்பின் சூட்டில் அது காய்ந்து கரிய படலமாகும், சிறிது காலம் காக்கும், பின் மீண்டும் பூசவேண்டும் என்றார். மருமகன் மூடியின் உட்புறத்தைக் காட்டி, அங்கும் பூச்சு உரிந்து தொங்குகின்றதே, அதுவும் தம்மாலா என்று தயங்கியவாறு கேட்டார். முதியவர் அன்று முதன்முறையாகச் சிரித்தார். அது பூச்சன்று, ஆண்டாண்டாகப் படிந்த புகையும் கொழுப்பும் கரியாகி உரிவது. பித்தளைத் தூரிகையால் இரண்டு இழுப்பு இழுத்ததும் கீழே எனாமல் பளபளத்தது.

பின்னர் 1979 ஆம் ஆண்டின் செய்தியை அவர் சொன்னார். மகள் சமையலறைக் கதவருகே நின்று கேட்டாள். தாயின் திங்கட்கிழமைகளைப் பற்றி அவளும் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அன்று கரி மூட்டியவர் மருமகன். சுவரைத் தொடாமல் நடுவே பரப்பினார். இரண்டு இடங்களில் முதியவர் இடுக்கியாற் சற்றுத் தள்ளிவைத்தார். உண்டு முடிந்ததும் மூடியை மூடி, கீழ்த்துவாரத்தை முதலிலும் மேல்துவாரத்தைப் பின்னரும் அடைத்தனர். உள்ளே நெருப்பு இருப்பது தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் இருப்பது இளைஞருக்கு எளிதாக இருக்கவில்லை. இருமுறை எழுந்து சென்று பார்த்தார். மேல்துவாரத்தின் விளிம்பில் நூல்போலப் புகை சிறிது நேரம் கசிந்து நின்றுவிட்டது. மறுநாட் காலை வேலைக்குப் புறப்படுமுன் அவர் பின்வளவுக்குச் சென்று மூடியைப் புறங்கையால் தொட்டார். குளிர்ந்திருந்தது. திறந்தபோது முதல்நாளிட்ட கரியில் ஏறத்தாழப் பாதி, கறுப்பாக, எரியாமற் கிடந்தது. அதை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, கழுத்துப்பட்டியைத் தோளின்மேற் போட்டுக்கொண்டு, சாம்பலை வாளியில் அள்ளத் தொடங்கினார்.